பட்டத்தோடு பயணம் போன பாட்டில்

நான் பொய் பேசும் வழக்கமுடையவன் அல்லன். வாழ்நாளில் சொன்ன சில பொய்களையும் மருத்துவர்களிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

"வயிறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "சில நாட்களாகச் சற்றே மந்தம்" என்பேன். உண்மையில் ஏழு ஆண்டுகளாக அதுதான் என்னை ஆண்டுகொண்டிருந்தது. பழவேற்காட்டில் எந்தத் திருமணத்திற்குச் சென்றாலும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்த பிறகே மாப்பிள்ளையைப் பார்ப்பேன். (பந்தல் அலங்காரத்தை ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.) ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வயிற்றுப்போக்கு என்று ஊர் பேசலாமா?

உடல் இளைத்துக்கொண்டே வந்தது. என் தந்தையின் அண்ணன் குடல் புற்றுநோயில் இறந்தவர். அந்த அச்சத்தை மனைவி சபியாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் பொன்னேரி மருத்துவர் மலப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். உள்ளூர் ஆய்வகத்தில் இருப்பவன் என் பழைய மாணவன். ஆகவே பொன்னேரியிலேயே கொடுப்பதென்று முடிவுசெய்தேன்.

குளிர்ச்சி குறையாமல் காலையிலேயே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நண்டு வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டுச் சபியா பாட்டிலை வைத்தாள். அதன்மேல் என் முழுப்பெயர், எம்.ஏ., பி.எட்., ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று அழகிய கையெழுத்தில் எழுதி ஒட்டியது நான். (ஆய்வகத்தில் மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கைதான்.)

ஷேர் ஆட்டோவின் பின்புறம் லைட்ஹவுஸ் குப்பத்து நண்டு வியாபாரி தெய்வானை தன் பெட்டிகளை அடுக்கிவிட்டு ஏறியிருந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொள்வது என் தகுதிக்குப் பொருந்தாது என்று கருதி, அவற்றோடு வைத்துவிட்டு நாளிதழை விரித்தேன். நண்டு வியாபாரிகளின் வழக்கத்தை அறிந்திருந்தும் மறந்தேன்: டவுனுக்குப் போகும் பெட்டிகளை வழியில் ஐஸ் கடையில் இறக்கி, ஒன்றுவிடாமல் திறந்து ஐஸ் நிரப்புவார்கள். யாருடையது என்று கேட்பதில்லை. அன்றும் ஆட்டோ ஐஸ் கடையில் நின்றது.

"இன்னாது, இதுல நண்டே காணோம்!" என்றாள் தெய்வானை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "எம்.ஏ., பி.எட்... ஐயே, நம்ம சாரோடது!"

"இன்னா சார், ஊறுகாயா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மருந்து."

தெய்வானை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மருந்தா? மூணு புள்ள பெத்தவ சார் நானு. எனக்குத் தெரியாதா?"

ஐஸ் கடையே சிரித்தது. ஒரு பார்வையில் வகுப்பை அடக்கிய நான் நாளிதழுக்குள் ஒளிந்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தினி வருசமா சார்?"

"ஏழு" என்றது என் வாய், என்னைக் கேளாமல்.

"டாக்டராண்ட ஏழுன்னு சொன்னியா?" (மரியாதை அதற்குள் ஒரு படி இறங்கியிருந்தது.)

நான் நாளிதழின் பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்போ பாட்டிலு மட்டும் போயி இன்னா பண்ணும்? அது வாயத் தொறந்து பேசுமா? நீ போய்ப் பேசு சார்." தன் நண்டுக்குப் போடும் ஐஸில் இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போட்டு மூடினாள்.

அன்று பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்ததோடு திரும்பாமல் மருத்துவர் முன் அமர்ந்தேன். ஏழு ஆண்டுகளையும், பெரியப்பாவின் மரணத்தையும், என் அச்சத்தையும் சொன்னேன். மேலும் சில பரிசோதனைகள் நடந்தன. பெரிய நோய் எதுவும் இல்லை. சாப்பாட்டு விவரத்தை விசாரித்தபோதுதான் வெளிப்பட்டது: வயிற்றைக் குளிர்விக்க மாலைதோறும் நான் குடித்த ஒரு டம்ளர் பாலும், போகிற வீட்டிலெல்லாம் மறுக்காமல் வாங்கிய டீயும்! பால் எனக்குச் செரிக்கவில்லை. நோயையே மருந்தென்று குடித்திருக்கிறேன். பாலை நிறுத்திய சில வாரங்களில் வயிறு அடங்கியது.

இன்று எந்த டீக்கடையில் என்னைக் கண்டாலும், "சாருக்குப் பால் போடாத டீ!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி தெய்வானை கத்துகிறாள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம்; அவள் சொன்னது அங்கே பழமொழியாகிவிட்டது. சென்ற மாதம் சென்னையிலிருந்து பேசிய மகள், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள். குரல் சரியில்லை.

"பாட்டிலு பேசாதும்மா. நீ பேசு" என்றாள் சபியா.

மகள் சிரித்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். நான் நாளிதழை மடித்துவைத்துவிட்டு அருகில் போய் அமர்ந்தேன்.