ஜெரேனியச் செடியின் தாய்வழித் தாத்தா

"அஞ்சு கோப்பையா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு லோக்குமா?"

"பின்ன? லோக்கும் இல்லாம காபி குடுத்தா அது வீடா, போலீஸ் ஸ்டேஷனா அக்கா?"

கேட்டவள் நாஃபியா, எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். பதில் சொன்னவன் அவள் தம்பி சுல்ஃபோ. ஏழு வருடமாகச் சர்க்கரை நோயாளி. மூன்று வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. காலில் ஒரு புண், ஆறுகிற வழியாக இல்லை. ஆனால் லோக்கும் என்கிற, ரோஜா மணக்கும் அந்தச் சர்க்கரைத் துண்டை மட்டும் நாளுக்கு ஐந்து தவறாமல் விழுங்குகிறான். தினம் ஐந்து காபி, மாத்திரை வேண்டாம்: குறி சொல்லும் ரசிம் சொன்ன வைத்தியம்!

போன வருடம் வரை, குடித்துக் கவிழ்த்த கோப்பையில் படிந்த காபித்தூள் வண்டலைப் பார்த்து ரசிம் கல்யாணமும் ஜெர்மனி விசாவும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது முன்னேறிவிட்டார். வெள்ளைக் கோட்டு வாங்கிவிட்டார். அதே வண்டலில் மரபணு பார்க்கிறார். குடிக்கும்போது உதட்டிலிருந்து மரபணு இறங்கி, வண்டலில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். விஞ்ஞானம் வளரும்போது வண்டல் மட்டும் சும்மா இருக்குமா?

சனிக்கிழமை காலை, ரசிம் உட்கார்ந்து பார்க்கும் ஹாடிஜாவின் காபிக் கடையிலிருந்து பாலம் வரை வரிசை. எல்லோர் கையிலும் வீட்டிலிருந்தே கவிழ்த்துக் கொண்டுவந்த கோப்பை. பெற்ற பிள்ளையைக்கூட எங்கள் ஊரில் யாரும் அவ்வளவு பத்திரமாகத் தூக்கிப் பார்த்ததில்லை.

நாஃபியா கடையில் ஒரு காபி வாங்கினாள். வாயில் வைக்கவில்லை. வண்டல் மட்டும் தங்கும்படி ஜன்னலோர ஜெரேனியத் தொட்டியில் மெல்ல ஊற்றிவிட்டு, கோப்பையைத் தட்டில் கவிழ்த்தாள்.

"நல்ல காபிய இப்படி வீணாக்குறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் பக்கத்தில் நின்ற ஷெம்சா.

"செடிக்கும் ஆசை இருக்கும்ல?"

உள்ளே ரசிம் பத்திரிகைத் துண்டு ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார். "நானா சொல்றேன்? பேப்பர்ல போட்டிருக்கான்! காபி குடிக்கிறவனுக்கு சுகர் கம்மி!"

"கணக்கெடுத்தா அப்படித்தான் தெரியுது" என்றாள் நாஃபியா. "ஆனா காபி குடிக்கிறதாலதான் கம்மியா? சிலருக்குப் பொறப்புலயே காபி நெறைய குடிக்கவைக்கிற மரபணு இருக்கு. காபிதான் காப்பாத்துதுன்னா, அவங்களுக்கு சுகர் கம்மியா வரணுமே? மரபணுவ வெச்சு ஆராய்ஞ்சவங்களுக்கு அப்படித் தெளிவா ஒண்ணும் கிடைக்கல. இத நம்பியா மாத்திரைய நிறுத்தச் சொல்றீங்க?"

"ஊசி குத்துறவ மரபணு பேச வந்துட்டா!"

கூட்டம் சிரித்தது. கூட்டம் எப்போதும் வெள்ளைக் கோட்டின் பக்கம். நாஃபியாவிடமும் ஒன்று உண்டு. விடுமுறை நாளென்று வீட்டில் வைத்துவிட்டு வந்தது அவள் தப்பு.

"சரி. இதப் பாருங்க" என்று கோப்பையை நீட்டினாள்.

ரசிம் நிமிர்த்தினார். கண்ணைச் சுருக்கினார். பெருமூச்சு விட்டார்.

"தாய்வழித் தாத்தாவுக்கு சுகர். பாவம், கால எடுத்தாங்க. ஆனா இந்த மரபணு இரும்பு! தினம் அஞ்சு கோப்பை. மாத்திரை வேண்டாம்."

"இத நான் குடிக்கல. அந்தச் செடி குடிச்சுது. ஷெம்சா, நீதானே பாத்த?"

ஷெம்சா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளால் முடியவில்லை. "ஐயோ! ஜெரேனியத்துக்கு ஏதுய்யா தாத்தா? அதுக்கு எந்தக் கால எடுத்தாங்க?"

ரசிம் அசரவில்லை. "செடிக்கும் மரபணு உண்டு. பாருங்க, எப்படிப் பூத்திருக்கு!"

இரண்டு பேர் தலையாட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கோட்டு கழன்றது. ரசிம் சமையலறைக் கதவு வழியாக மறைந்தார்.

நாஃபியா வரிசையைப் பார்த்தாள். "கோப்பையக் கவுக்குறது நம்ம வழக்கம். கவுத்துக்கோங்க. அதோட சேத்து மூளையையும் ஏன் கவுக்குறீங்க?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். வரிசையில் நின்றிருந்த சுல்ஃபோ மட்டும் நொண்டியபடி அருகில் வந்தான். முகம் வெளிறியிருந்தது. கையிலிருந்த தன் கோப்பையை மெல்ல அவள் முன்னால் வைத்து, குரலைத் தாழ்த்தினான்.

"நீ படிச்சவ. கோவிச்சுக்காதக்கா… மாத்திரைய மறுபடி போடலாமா, வேண்டாமா? நீயே இதுல ஒருதடவ பாத்துச் சொல்லேன்."