கலர் அண்ணனின் இரண்டு நெபுலாக்கள்

வெள்ளை என்று ஒரு நிறம் உலகத்தில் இல்லவே இல்லை என்று ஈப்போ நகரம் முழுக்கச் சண்டை போட்டு, பெரும்பாலும் ஜெயித்தவர் கலர் அண்ணன். அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஜெலாப்பாங்கில் நாங்கள் வேலை பார்த்த கார் சாயப் பட்டறையில் யாரும் அதைக் கேட்டதில்லை. மோதி நசுங்கிய காருக்கு ஒரு கதவை மட்டும் மாற்றினால், அது மற்ற மூன்று கதவுகளோடு ஒட்டிப்போகும்படி சாயம் கலப்பது அவர் வேலை. நான் முன்மேசையில் ஃபோன் எடுக்கும் கிராணி.

“வெள்ளை அடிக்கணும் அண்ணே” என்று ஒருவர் காரைக் கொண்டுவந்தால் போச்சு.

“எந்த வெள்ளை? பால் வெள்ளையா, பஞ்சு வெள்ளையா, பயந்தவன் மூஞ்சி வெள்ளையா?”

வந்தவர் யோசித்துவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போவார். லகாட்டில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் வேட்டி ஒரு வெள்ளை, சட்டை வேறு வெள்ளை என்று சொல்ல மணமேடை வரை ஏறிவிட்டார். மனைவி சாந்தி அக்காதான் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

ஒருநாள் மதியம், விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஓரியன் நெபுலா படத்தை என் கைபேசியில் காட்டினேன். நட்சத்திரங்கள் பிறக்கிற பெரிய தூசி மேகம் அது. எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“யாரு கலர் கலந்தது?” என்றார்.

“இயற்கை அண்ணே.”

“இல்ல தங்கச்சி. இது கை பட்ட கலர்லா.”

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் அந்தத் தொலைநோக்கி பார்க்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்களாக வந்து சேர்பவற்றுக்கு இங்கே உட்கார்ந்து மனிதர்கள்தான் நிறம் சேர்க்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மறுநாள் இதை அவரிடம் சொன்னது என் தப்பு.

அதன்பிறகு அவர் மதியச் சாப்பாடு என் கணினிக்கு முன்னால்தான். அந்தப் படங்களை இறக்கி, ஓரியனுக்குத் தானே நிறம் சேர்க்க ஆரம்பித்தார். விசைப்பலகையில் சம்பல் சிந்தும். படத்தைப் பார்க்க யார் வந்தாலும் விளக்கம் வேறு.

“நம்ம கண்ணுக்கு இது வெறும் புகை. அந்தத் தொலைநோக்கி தூசியத் தாண்டி உள்ள பாக்குது. உள்ள பாத்தா எல்லாம் பச்சப் புள்ளைங்க. ரப்பர் எஸ்டேட்ல ஆயாக்கொட்டாய் இருந்துச்சில்ல? அம்மாங்க பால்மரம் வெட்டப் போயிருவாங்க, உள்ள வரிசையா துணித் தொட்டில் தொங்கும். அப்படித்தான்.”

ஒரு காரின் பானெட் இன்னும் ஏன் மாட்டப்படவில்லை என்று திட்ட வந்த எங்கள் முதலாளி தவுக்கேயையும் அண்ணன் உட்காரவைத்துக் காட்டினார். தவுக்கே ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், அந்த வாடிக்கையாளரை நாளை மறுநாள் வரச் சொல் என்றுவிட்டுப் போனார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. அப்புறம் ஒரு வெள்ளிநிறக் கார் திரும்பி வந்தது. மாற்றிய கதவு மட்டும் லேசாக நீலம் பாரித்திருந்தது. பட்டறை விளக்குதான் காரணம் என்று அண்ணன் எல்லா விளக்குகளையும் மாற்றினார். அடுத்த கார் திரும்பியபோது வெயிலைக் குறை சொன்னார். மூன்றாவது கார் வந்ததும் தவுக்கே சாயம் கலக்கும் வேலையைச் சத்தமில்லாமல் வேறொரு பட்டறைக்கு அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு ஃபோன் போட்டவள் நான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

ஒரு மதியம் அவருடைய பழைய நெபுலாவையும் புதிய நெபுலாவையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் பொன்னும் செம்மண்ணும். புதியது ஒரே நீலம்.

“ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் அவர்.

பின்னால் நின்ற தவுக்கே மெதுவாகத் தலையாட்டினார். “தாக் சாமா லா.” இரண்டும் ஒன்றில்லை என்று அர்த்தம்.

அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

கண்புரை. இரண்டு கண்ணிலும். கண்ணில் மஞ்சள் படியப் படிய, அவர் தனக்கே தெரியாமல் நீலத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். திரும்பி வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதிய நெபுலாவைத் திறந்தார்.

“யாரு இந்த மடையன்?”

“நீங்கதான் அண்ணே.”

இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே செய்தார். கடைசியில், இடது கண்ணுக்கு அறுவை வேண்டாம் என்று அறிவித்தார்.

“ஒரு கண்ணுல ஒரு நெபுலா, இன்னொண்ணுல வேற நெபுலா. எதுக்கு ஒண்ண அழிக்கணும்?”

“எது நெசக் கலர் அண்ணே?”

“அந்த வெளிச்சம் எந்த மனுசன் கண்ணுக்கும் தெரியாது தங்கச்சி. அப்புறம் நெசமாவது பொய்யாவது?”

 

இரண்டாவது அறுவைக்குத் தேதி போட்ட கடிதத்தோடு சாந்தி அக்கா பட்டறைக்கே வந்துவிட்டார். பள்ளிக் கேன்டீன் வேலையிலிருந்து நேராக, மேலங்கியைக்கூடக் கழற்றாமல்.

“நெபுலாவ விடுங்க. என்னைய எந்தக் கண்ணால பாக்குறீங்க?”

அண்ணன் தயங்கினார். “பழைய கண்ணுல நீ பொன்னு மாதிரி இருக்கே. மஞ்ச பூசிக் குளிச்சிட்டு வந்தாப்ல.”

“புதுக் கண்ணுல?”

“நரை தெரியுது.”

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. அக்கா கடிதத்தை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் திணித்தார்.

“நரைதான் நெசம். வியாழக்கிழமை போலாம்.”

வியாழக்கிழமை காலையில் நான்தான் அவர்களைக் காரில் அழைத்துப் போனேன். இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிக்னலில் நின்றபோது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோட்டப் பாருங்க” என்று அக்கா அவரிடம் சொன்னார். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு, அவர் பக்கம் நன்றாகத் திரும்பி, அசையாமல் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நான் அந்தக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன்.