குசினி போன வழி

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு மழை விட்டது. ஆறரைக்கு அடுப்புக்குப் பின்னாலிருந்த குசினிச் சுவர் பள்ளத்தில் சரிந்தது. ஆறு நாற்பதுக்கு வீட்டுக்காரர் பள்ளத்தில் இறங்கினார். சுவரைப் பார்க்க அல்ல, சுவர் போன இடத்தில் வெளிப்பட்ட மண்படையைப் பார்க்க.

சொந்த வீடு கரைவதைக் கதிரை போட்டு இரசித்தவர் திருகோணமலையில் கிறவல் கிளாக்கர் ஒருவரே. துறைமுகத்தில் மூட்டை எண்ணி ஓய்வுபெற்று, பாலையூற்றில் வீடு வாங்கினார். ரோட்டுக்குக் கிறவல் என்னும் சரளைமண் அள்ளியவர்கள் கைவிட்டுப்போன பெருங்கிடங்குப் பள்ளத்தின் விளிம்பு அது.

கிடங்கில் புல்லே இல்லை. ஆகவே மாரிமழை தன் விருப்பப்படி செதுக்கியது. மேலே கல்லாய் இறுகிய படை, நடுவே மணல், அடியில் சாம்பல்நிறக் களிமண். மணல் முதலில் கரையும். தாங்க ஆளின்றி மேற்படை முறியும். தட்டைக்கல் தொப்பியாய் மூடிய இடம் மட்டும் தூணாய் நிற்கும். புவியியல் வாத்தியாரான நான் அந்நிய நாட்டு வறள்நிலங்களில் மைல்கணக்கில் நடந்து கண்டு, மாணவருக்குக் கற்பித்ததை அவர் குசினி யன்னலால் பார்த்தார்.

"சேர், நேற்று நாலு அங்குலம் போயிட்டுது!" என்பார், பேரனுக்குப் பல் முளைத்த பூரிப்பில்.

அவர் மனைவி கமலம் என்னிடம் வந்தார். "அண்ணை, நீங்கள் படிச்சனீங்கள். இந்த மனுசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ரபீக் தம்பி டிராக்டரில மண் கொண்டந்து மூடுறன் எண்டு நிக்கிறார்."

சொல்லத்தான் போனேன். விளிம்பு நெருங்கும் வேகத்தைக் கண்ணால் கண்டால் அஞ்சுவார் என்றெண்ணி, வீட்டோரமாக இரும்புக் கம்பிகள் அறைந்து அளக்கச் சொன்னேன். பதினெட்டு அறைந்தார். நாள்தோறும் ஆட்டியும் பார்த்தார். துளைகளால் இறங்கிய மழைநீர் மணற்படையைச் சுரங்கமாய்க் குடைந்தது. மீதி முதற்பத்தியில் உள்ளது.

"உங்கட படிப்பாலதான் என்ர குசினி போச்சு!" என்றார் கமலம்.

"சும்மா கத்தாதையும்," என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "சேர், அடியில இன்னொரு படை கிடக்கு. இறங்கி வாங்கோ!"

இறங்கினேன். வேறென்ன செய்வது?

பள்ளத்தை மண் போட்டு மூடாவிட்டால் வெருகலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதாகக் கமலம் அறிவித்தார். கிளாக்கர் ஒருநாள் முழுதும் தூண்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "ஓம், மூடுவம். இந்த மாரி மட்டும் முடியட்டும்," என்றார்.

மாரி முடியுமுன் கிளாக்கருக்கு நெஞ்சுவலி வந்தது; போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் கமலம் சொன்னார்: "ரபீக் தம்பிக்கு நீங்களே சொல்லுங்கோ அண்ணை. எனக்கு ஏலாது. அவசரமும் இல்லை."

நான் இன்னும் செய்யாமல் கிடப்பவை:

டிராக்டருக்குச் சொல்லல்.

கமலத்தின் குசினிச் சுவரைக் கட்டுவித்தல்.

மழை விட்டதும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பாலையூற்றுக்குப் புறப்படாமலிருக்கப் பழகல்.