தில்லைநாதன் கேட்ட தடிப்பு மட்டை

பிரின்டர் தடிப்புக் கடதாசி மட்டையை முக்கால்வாசி விழுங்கிவிட்டு, மிச்சத்தை நாக்குப்போல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிரசாந்தன் இழுத்தான். அதுவும் இழுத்தது.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. பாப்பாமோட்டையில் தில்லைநாதன் ஒருவழியாகக் கல்வீடு கட்டி முடித்திருந்தார். இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிடந்த காலமெல்லாம் துண்டுக் கடதாசியில் அழைப்பு வாங்கிச் சலித்த மனிதர். தன் புதுவீட்டுக் குடிபூரல் அழைப்புக் காட் பலகை மாதிரி இருக்கவேண்டும், எந்த வீட்டு அலுமாரியில் வைத்தாலும் கூனாமல் நிற்கவேண்டும் என்றார்.

"நான் வீட்டிலயே அடிச்சுத் தாறன் ஐயா," என்று பிரசாந்தன் சொல்லிவிட்டான். வீட்டில் பிரின்டர் இல்லை. ஆனால் தில்லைநாதனுக்கு நிருஷா என்று ஒரு மகள் இருந்தாள். காட் சரிவந்தால் துணிந்து பெண் கேட்கலாம். பிழைத்தால் அந்த வீட்டுப் படலைப் பக்கமே போகமுடியாது.

தடிப்பு மட்டைக்குத் தடித்த மெஷின்தான் தோது என்று, மன்னார் ரவுணில் ஹுசைனின் கடையில் இருந்ததிலேயே குண்டானதைத் தூக்கி வந்தான். அதோடுதான் இப்போது இழுபறி.

திருப்பிக் கொண்டுபோனபோது ஹுசைன் மட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இது கதவுக்குப் போடுற சாமானெல்லோ தம்பி."

அந்த மெஷின் கடதாசியை வயிற்றுக்குள் வளைத்துத் திருப்புமாம், மட்டை வளையாதாம். மட்டையைப் பின்பக்கம் வைத்தால் வளையாமல் நேரே இறங்கும் மெஷின் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால், அம்மா சிவலட்சுமி வெறும் மட்டைகள் அத்தனைக்கும் மூலைக்கு மூலை மஞ்சள் பூசி முடித்திருந்தாள்.

"அடிச்ச பிறகெல்லோ அம்மா பூசுறது?"

"பிறகு மறந்துபோகும். ஈரம் காயேல்ல, கவனம்."

வெயிலில் காயவைத்தான். மட்டைகள் பொரித்த அப்பளமாகச் சுருண்டன. நிமிர்த்துவதற்கு நெல்மூட்டைக்குக் கீழே வைத்தான். நிமிர்ந்தன, சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. பரவாயில்லை என்று அடித்தான். மெஷின் உருளையில் மஞ்சள் ஒட்டி, தில்லைநாதனின் பெயருக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. உருளையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்றாள் அம்மா. அதன்பிறகு ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்திலும் தெரிந்தது.

மட்டை தீர்ந்துவிட்டது. குடிபூரலோ வாசலில் நின்றது. இருந்ததை அள்ளிக்கொண்டு போனான்.

தில்லைநாதன் ஒரு காட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தக் கோடு?"

"டிசைன் ஐயா."

"இந்தச் சாக்குப் பொறி?"

"அதுவும் டிசைன்."

"எண்ணெய்?"

பிரசாந்தனுக்கு டிசைன் தீர்ந்துவிட்டது. கதிரையிலிருந்து எழும்பினான். தனக்கு மெஷின் வேலை தெரியாது என்றும், முந்தாநாள்வரை வீட்டில் மெஷினே இல்லை என்றும் ஒப்புக்கொண்டான்.

"காட் வடிவா வந்தால் நிருஷாவைக் கட்டித் தருவியள் எண்டு நினைச்சுத்தான் ஐயா..."

தில்லைநாதன் ஒன்றும் விளங்காமல் மனைவி கனகம்மாவைப் பார்த்தார். கொண்டுவந்த தேத்தண்ணியை அவள் மேசையில் வைத்தாள்.

"உங்கட அம்மா போன மாதமே வந்து எல்லாம் பேசி முடிச்சவ, உங்கள் ரெண்டுபேருக்கும் கலியாணம் ஆவணியில. உங்களுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையோ, தம்பி?"