முப்பத்திரண்டு டிகிரி கண்ணுசாமி

வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிழலில் உட்கார்ந்துகொண்டு, வெயிலே அடிக்கவில்லை என்று வெயிலில் நிற்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் 'அதெல்லாம் சும்மா' ஆசாமி. ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

குளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் கண்ணுசாமி. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஊராட்சி வார்டு மெம்பர். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பதினெட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கும் படியளந்துவிடுவார்: புவி வெப்பம் என்பது வெள்ளைக்காரன் கட்டிய கதை, பனிமலை உருகவில்லை வளர்கிறது, சூரியன் நம்மைவிட்டு விலகிப் போவதாக ஜெர்மனிப் பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார்! எந்தப் பேராசிரியர் என்று கேட்டுப் பாருங்கள்.

"பேரா முக்கியம்? விசயத்தப் பாருங்க" என்பார்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. ஆறு மாதம் முன்பு புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'உழவர் நலச் சிந்தனைப் பேரவை' கூட்டம் நடந்தது. எந்த உழவரும் அதுவரை கேள்விப்படாத பேரவை. கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு மட்டன் பிரியாணி. புறப்படும்போது ஆளுக்கொரு சுவர் வெப்பமானி. செய்தி அனுப்புகிறவர்களுக்கு மாதாமாதம் போன் ரீசார்ஜும் உண்டு. பேனரின் கீழ்மூலையில், எறும்பு அளவு எழுத்தில், நிலக்கரி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

"நிலக்கரி விக்கிறவன் நமக்கு எதுக்குங்க பிரியாணி போடுறான்?" என்று கேட்டேன்.

"நல்ல மனசுங்க" என்றார் கண்ணுசாமி.

இதுவரை சிரிப்புத்தான். சித்திரை மாதம் கண்மாயில் நூறு நாள் வேலை நடந்தது. மண் வெட்டும் பெண்கள் சார்பில் ராக்காயி, மேற்பார்வை பார்க்கும் பிரகதீஸ்வரியிடம் போனார்.

"வெயிலு கொல்லுதும்மா. வெள்ளன ஆறு மணிக்கே வாரோம், பதினோரு மணிக்கு விட்ருங்க."

பிரகதீஸ்வரிக்கு இரக்கம்தான். ஆனால் மெம்பரைக் கேட்காமல் மாற்றுவாரா? ஊர்க் குரூப்பில் கேட்டார். ஐந்தாவது நிமிடம் கண்ணுசாமி தன் வெப்பமானியைப் படமெடுத்துப் போட்டார். முப்பத்திரண்டு டிகிரி! கீழே ஒரு வரி: 'வெயில் என்பது வதந்தி. பழைய நேரமே தொடரட்டும்.' நாற்பத்தொரு கட்டைவிரல்கள் உயர்ந்தன. நேரம் மாறவில்லை.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு ராக்காயி மண்சட்டியோடு கண்மாய்க்குள் சாய்ந்தார். கண் செருகிவிட்டது, பேச்சில்லை. ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினோம்.

நான் நேராகக் கண்ணுசாமி கடைக்குப் போனேன். வெப்பமானியை எங்கே மாட்டியிருந்தார் என்கிறீர்கள்? கடையின் உள்மூலையில், தண்ணீர்ப் பானைக்கு நேர் மேலே. பானையைச் சுற்றி ஈரச்சாக்கு, எதிரே ஃபேன்.

"இங்க ஏன் மாட்டுனீங்க?"

"வெளிய மாட்டுனா வெயில் பட்டு வீணாப் போயிரும்ல. இங்கிட்டுத்தான் குளுகுளுன்னு இருக்கு."

பிடுங்கி வாசல் வேப்பமர நிழலில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் நாற்பத்திரண்டைத் தொட்டது. "கம்பெனிக்காரன் மட்டமான மீட்டரக் குடுத்திட்டான்" என்றார். கம்பெனியை அவர் சந்தேகப்பட்டது அந்த ஒரு முறைதான்.

சாயங்காலம் நாலு இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராக்காயி கண் திறந்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"காலைல வெறும் வயித்தோட வந்திருப்ப ஆத்தா. அதான் மயக்கம்."

"அஞ்சு இட்லி தின்னுட்டுத்தேன் வந்தேன் மெம்பரு. அந்த மீட்டர மாட்டுன எடத்துல எங்களையும் மாட்டிவிட்ருக்கலாம்ல?"

எனக்குக் கண்ணுசாமியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து, அந்த நாற்பத்தொரு முட்டாள்கள் யாரென்று திட்டுவதற்காகவே குரூப்பைத் திறந்தேன். பட்டியலில் முதலில் நின்ற கட்டைவிரலே என்னுடையது. அன்று காபி குடித்தபடி, படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு என்றதும் மனசுக்கு இதமாக இருந்திருக்கும்.

நீங்கள் அப்படியெல்லாம் செய்ய மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் உங்கள் போனை ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன். மீதி நாற்பது பேர் யாரென்று நான் இன்னும் பார்க்கவில்லை.