வீடு விற்ற இளைஞர் இல்லம்

எனக்கு ஒரு யோசனை வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. இதை அப்பா வாய்விட்டே சொல்வார். அம்மா சொல்லாமலே தள்ளி நிற்பார்.

அந்த யோசனை வந்தது தாம்பரம் ஸ்டேஷனில். சமூகப்பணிப் பட்டம் வாங்கிய புதிது. வாங்கினதை யார் மேலாவது பிரயோகித்தே தீருவது என்று துடித்துக்கொண்டிருந்த காலம். பீச் போகிற எலெக்ட்ரிக் டிரெயினைத் தவறவிட்டு, மூச்சு வாங்க நின்றபோது பார்த்தேன்: கால அட்டவணைப் பலகையில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஒரு கை, செங்கல்பட்டு வண்டிகள் அத்தனையையும் மறைத்திருந்தது.

சட்டையின் சொந்தக்காரன் சேகர். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன். (கணக்கு வரவில்லை. எங்கள் இருவருக்குமே.) அங்கே பதினெட்டு வயது முடிந்தால் இடம் கிடையாது. கேக் வெட்டி, கை குலுக்கி, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பிவிடுவார்கள். கேட்டுக்கு அப்புறம் எங்கே என்பது யார் பொறுப்பிலும் இல்லை. சேகரும், அவனோடு வெளியே வந்த மோசஸும் பாஷாவும் பகலில் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தார்கள்.

"ராத்திரி எங்கடா இருக்கீங்க?"

"நாலாவது பிளாட்பாரம்க்கா. தண்ணிக் கொழாய்க்கு எதிர்ல. யாராண்ட கேட்டாலும் சொல்வாங்க."

அவன் விலாசம் சொன்ன மிடுக்கில்தான் எனக்குப் பொறி தட்டியது. அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. எங்கள் பேட்டையான அஸ்தினாபுரம் முழுக்க 'டு லெட்' பலகை தொங்குகிறது. இவர்களுக்குக் கூரை இல்லை. மூன்றையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது! இவ்வளவு சுலபமான விஷயம் இதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்று உலகத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

எங்கள் தெரு மகளிர் சங்கத்தின் பேரில் மனு போட்டேன். நலத்துறையில் இந்த மாதிரி இளைஞர்களுக்கு வாடகை கொடுக்க உண்மையிலேயே ஒரு திட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் போய் அதை எழுப்பினேன். (திட்டத்துக்காக இல்லை, என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அனுமதி தந்தார்கள் என்பது அப்பாவின் கட்சி.) முதல் ஆறு மாத வாடகை கைக்கு வந்தது. அப்புறம் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்து, இது உருப்படும் என்று எழுதினால்தான் மிச்சம். எழுதாவிட்டால் மூவரும் மறுபடி தண்ணீர்க் குழாய்க்கு எதிரே.

பணம் வந்த பிறகுதான் தெரிந்தது, வீடு வராது என்று. பையன்களோடு தெருத்தெருவாக அலைந்தேன். கல்யாணமாகாத ஒரு பெண், மூன்று தடிப்பையன்களுக்கு வீடு கேட்டால் கதவு எவ்வளவு வேகமாக மூடும் என்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். கடைசியில் கன்னியப்பனிடம் போய்ச் சேர்ந்தோம். நெல் விளைந்த தன் நிலத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர். பையன்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"பேச்சிலருக்கு வுட்றதில்ல பாப்பா. ஃபேமிலின்னா சொல்லு."

"ஃபேமிலிதாங்க."

"யார் யாரு?"

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிற்று. "என் தம்பிங்க மூணு பேர்."

"பேரு இன்னா?"

"சேகர், மோசஸ், பாஷா."

கன்னியப்பன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "உங்கப்பா எந்தச் சாமியையும் வுட்டு வைக்கல போல கீதே!"

வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய மகன், பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவிடம் படித்தவன் என்பதை நான் மறந்துபோனேன். அந்த வாரமே கன்னியப்பன் மார்க்கெட்டில் அப்பாவை மடக்கியிருக்கிறார். "இன்னா ஞானமுத்து சார், மூணு ஆம்பளப் புள்ளைங்கள இத்தினி நாளா எங்க ஒளிச்சி வச்சிருந்தீங்க?"

அப்பா பையோடு வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டார். "ஸ்டெல்லா, எனக்கு மகன்கள் இருக்கிறார்களாமே?"

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால கத்தரிக்காய் என்ன விலைன்னு கேட்டேன்."

திட்டத்தின் பெயர்ப்பலகை வாசலில் இருக்க வேண்டும் என்பது விதி. கன்னியப்பன் கண்ணில் படாமல் ஆய்வு நாள் காலையில் மாட்டி, மத்தியானம் கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜி.எஸ்.டி. ரோடு டெலிபோன் பூத்திலிருந்து பல்லாவரத்து போர்டு கடைக்காரரைக் கூப்பிட்டு, "வீடற்ற இளைஞர் இல்லம், அரசு நிதியுதவியுடன்" என்று சொன்னேன். ஒரு பஸ் போயிற்று. "வீ-டற்-ற!" என்று கத்தினேன். ஒரு லாரி போயிற்று. "ஆங், புரிஞ்சிச்சி, புரிஞ்சிச்சி" என்றார்.

ஆய்வு திங்கட்கிழமை. அதிகாரி ரயிலில்தான் வருவார் என்று யாரும் சொல்லாததை நானே முடிவு செய்து, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றேன். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கண்ணாடி போட்டவர்கள் இறங்கினார்கள். நான்கு பேருக்கு வணக்கம் வைத்தேன். ஒருவர் பழத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறியதும் சந்தேகம் வந்து பையன்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் பச்சை நிறத்தில் பளபளவென்று பலகை:

'வீடு விற்ற இளைஞர் இல்லம். அரசு நிதியுதவியுடன்.'

போர்டுக் கடைக்காரர் தமிழில் கறாரானவர். காதில் 'வித்த' என்று விழுந்ததை 'விற்ற' என்று திருத்தியே எழுதியிருந்தார்.

பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "சனிக்கிழமையே கடைக்காரர் வந்து போர்டை மாட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாளா ஒரே கூட்டம்மா. வீடு, மனையெல்லாம் கேட்டு வர்றாங்க. பசங்களும் சளைக்காம கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க."

அப்போதுதான் தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. மிதித்தவன் சேகர். கேரியரில், மடியில் ஃபைலோடு ஒரு பெரியவர். மோசஸும் பாஷாவும் இரண்டு பக்கமும் பந்தோபஸ்து மாதிரி ஓடிவந்தார்கள்.

"அக்கா, சார் நல்ல பார்ட்டி! ரெண்டாவது வூடு புடிச்சிப் போச்சி. கமிஷன்லதான் இழுத்துகினு கீறாரு!"

பெரியவர் கேரியரில் இருந்தபடியே கேட்டார். "ஸ்டெல்லா நீங்கதானா? நான் நலத்துறையிலிருந்து வர்றேன்."

சேகர் அதிர்ச்சியில் சைக்கிளை விட்டுவிட்டு இறங்கிவிட்டான். பின்னால் ஆள் இருப்பதை மறந்துவிட்டான். எங்கள் பக்கம் எந்தத் தெருவிலும் யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருப்பார்கள். அரசாங்கம் அதில்தான் போய் விழுந்தது.

எழுப்பித் தட்டிவிட்டோம். அவர் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தவராம். லாட்ஜில் தங்கிக்கொண்டு வீடு தேடிக்கொண்டிருந்தவர், வேலையோடு வேலையாகச் சீக்கிரமே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். "இந்த வீடு விஷயமா..." என்று ஆரம்பித்ததும் சேகர் மிச்சத்தைக் கேட்காமல், "ஏறுங்க சார்!" என்றிருக்கிறான்.

அவர் பலகையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "ஏம்மா, வீட்டை வித்தவங்களுக்கு அரசாங்கம் எதுக்கும்மா வாடகை குடுக்கணும்?"

இந்த நாளுக்காக நான் ஒரு உரையே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது: "பஸ் சத்தம் சார்."

சத்தம் கேட்டுக் கன்னியப்பன் வந்துவிட்டார். "சார், பசங்க தங்கம். ஞானமுத்து வாத்தியார் புள்ளைங்க."

"வாத்தியார் பிள்ளைகளா? யாரும் இல்லாதவங்கன்னுல்ல எனக்குச் சொன்னாங்க!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மோசஸ் மெல்லப் பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தன் பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அது பழக்கம்.

கன்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வாத்தியாரையே மார்க்கெட்ல கேட்டேன். இல்லன்னு அவரு சொல்லல. பெத்தவரே ஒத்துகினாரு, உனக்கின்னா சார்? என் காலி வூட்டுக்கு நேத்து ஆள் புட்ச்சிக் குட்த்ததே இவங்கதான். டேய் மோசஸு, பைய வை கீழ!"

அதிகாரி சட்டையில் மிச்சமிருந்த மணலைத் தட்டினார். பிறகு சேகரைப் பார்த்தார். "அந்த ரெண்டாவது வீட்ல தண்ணி நல்லா இருக்கும்னியே. நிஜமாவா?"

"கல்கண்டு சார். அங்க வூடு கேட்டுப் போனப்ப வூடு இல்லன்ட்டாங்க, தண்ணி குட்த்தாங்க. இந்த ஏரியால எல்லா வூட்டுத் தண்ணியும் நாங்க குடிச்சிக் கீறோம் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். "கமிஷன் தர மாட்டேன், அது வேற மாதிரி ஆயிடும். மிச்ச வாடகைக்கு எழுதறேன். முதல்ல போர்டை மாத்துங்க."

மாற்றினோம். பழைய பலகையைச் சேகர் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் அது ஸ்டேஷனுக்கு எதிரே அவன் நடத்தும் வீட்டு புரோக்கர் ஆபீசில், அவன் தலைக்கு மேலே தொங்குகிறது. 'அரசு நிதியுதவியுடன்' என்பதை மட்டும் காலண்டரால் மறைத்திருக்கிறான். மூன்று பேரும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கன்னியப்பன் எல்லோரிடமும் அப்பாவை "நாலு புள்ளைங்களக் கரையேத்தினவரு" என்றுதான் அறிமுகம் செய்கிறார்.

போன வாரம் மறுபடியும் ஒரு யோசனை வந்தது. அதே மாதிரி இல்லம் ஒன்றிலிருந்து இந்த வருஷம் மூன்று பெண்கள் வெளியே வருகிறார்கள். வண்டலூர்ப் பக்கம் கன்னியப்பன் புதிதாக வீடு கட்டியிருக்கிறார். நலத்துறைக்கு எழுதியாயிற்று. பலகைக்கு நானே பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் கன்னியப்பனைப் பார்க்கப் போகிறேன்.

சாப்பிடும்போது சொன்னேன். அம்மா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்பா கை கழுவிவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பேரையெல்லாம் இப்பவே சொல்லிடு. எத்தனை தடவைதான் கத்தரிக்காய் விலையையே கேக்கறது?"