தவக்காலத்துப் போத்தல்

வின்சென்ற் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

மனைவி ஸ்ரெல்லா மனுகாவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். பாபகூரா வீட்டின் கராஜில், ஒரேயொரு வாய் ருசி பார்க்கத்தான் அதைத் திறந்தார். தக்கையைக் கட்டியிருந்த கம்பி தளர்ந்தே கிடந்தது. அதை ஓர் அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

தவக்காலம் முடியும்வரை குடிப்பதில்லை என்று ஸ்ரெல்லாவிடம் சத்தியம் செய்தவர் அவர். போத்தலோ, மகள் ஜெனுஷாவைக் கட்டப்போகும் கிளின்ரனுடையது. பென்ரோஸில் ஒரு பியர் ஆலையின் களஞ்சியத்தில் அவனுக்கு வேலை. போத்தலைத் தரும்போது சொல்லியிருந்தான்:

"ஈஸ்ற் போடாமக் காத்திலயே புளிச்ச பியர் அங்கிள். மூண்டு வருசம் மரப்பீப்பாவில கிடந்தது. பொஸ் தந்தவர், நானே இன்னும் குடிச்சுப் பாக்கேல்ல. என்ர பிளாட்டில வைச்சாப் பெடியள் முடிச்சுப்போடுவாங்கள். ஈஸ்ரருக்கு எல்லாரும் சேந்து உடைப்பம். உங்கட வீடுதான் பாதுகாப்பு."

முதல் வாயின் புளிப்பில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இரண்டாவது வாய், முதலாவதை விளங்கிக்கொள்ள. முழுப் போத்தலும் முடிந்த பிறகும் தலை கிறுகிறுக்கவில்லை. தன் உடம்பின் பலம் என்று எண்ணினார்.

பிறகுதான் பயம் வந்தது. நம்பித் தந்த ஒரு போத்தலைக் காக்கத் தெரியாதவரின் மகளை எவன் கட்டுவான்?

நாக்கில் நின்ற ருசியை நினைத்து நினைத்துப் பழப்புளி கரைத்தார். நிறத்துக்குத் தேயிலைச் சாயம். நுரைக்கு இஞ்சிச் சோடா. தக்கையை அடித்து இறுக்கினார். அது மெல்ல மேலே எழும்பி வந்தது. கம்பியை முறுக்கிக் கட்டி, சுடுதண்ணீர் சிலிண்டர் இருந்த அலுமாரிக்குள் துவாய்களுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கராஜில இருந்த போத்தல் எங்க?" சாப்பிடும்போது ஸ்ரெல்லா கேட்டாள்.

"உள்ள வைச்சிருக்கிறன். பத்திரமா இருக்கட்டும்."

"திறந்து பாத்தனீங்களோ?"

"சீ! தவக்காலத்திலயோ?"

அவள் முகம் வெளுத்தது. கோபம் என்று நினைத்தார்.

பெரிய வெள்ளியன்று அலுமாரிக்குள் ஏதோ கிறீச்சிட்டது.

"டாட், இஸ் தற் எ ராற்?" என்றாள் ஜெனுஷா.

"ஓம், எலிதான்."

அவள் உடனே எலிப்பொறி வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்தாள். மறுநாள் போத்தலை இடம் மாற்றப்போன வின்சென்றின் விரல் அதில் அகப்பட்டது. கத்தவும் முடியவில்லை.

ஈஸ்ரர் மதியம், கட்டுப்போட்ட விரலோடு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிளின்ரன் கம்பியைத் தளர்த்தியதுதான் தாமதம், தக்கை முகட்டில் அடித்தது. நுரை திருஇருதயப் படம்வரை பாய்ந்தது. வின்சென்ற் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிளின்ரன் ஒரு மிடறு குடித்தான். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மகளின் கலியாணம் அந்தக் கிளாஸின் அடியில் வண்டலாகக் கிடப்பதுபோல வின்சென்றுக்குத் தோன்றியது.

"பொஸ் சொன்ன மாதிரியேதான் அங்கிள்," என்றான் ஒருவழியாக. "ருசி விளங்கக் கொஞ்ச நாள் எடுக்குமாம்."

இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

வின்சென்றுக்கு மூச்சு வந்தது. பியரின் மணமே பிடிக்காது என்று சொல்லும் ஸ்ரெல்லாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ, புளி கூடிப்போச்சு. உங்களுக்கு முதல் நான் கரைச்சு ஊத்தி வைச்சதில அளவா இருந்தது."